குட்டைவால் நடித்த பக்தர்

மலைக்கோயில் படிக்கட்டில் பை பிடுங்குவது தனி ஆளால் ஆகிற காரியமில்லை என்று தாட்டான் குரங்கு முடிவு செய்தது. ஓர் ஆள் முன்னால் நின்று பல்லைக் காட்ட வேண்டும், இன்னோர் ஆள் பின்னாலிருந்து இழுக்க வேண்டும். அதற்கு ஒத்திகை அவசியம்.

பக்தராக நடிக்கும் வேலை குட்டைவால் என்ற சின்னக் குரங்கின் தலையில் விழுந்தது. சருகு அடைத்த பையை மார்போடு அணைத்து, இரண்டு காலில் அது படியேறும். தாட்டான் எதிரே பாய்ந்து பல்லைக் காட்டும். கொக்கி என்ற குரங்கு பின்னாலிருந்து பறிக்கும்.

"கெட்டியாப் பிடிடா! பக்தர் இவ்வளவு லேசில் விடுவாரா?" என்று தாட்டான் அதட்டியது.

"எனக்கு எப்பண்ணே நிஜ வேலை?"

"நல்லா நடி. முதல் பழம் உனக்குத்தான்."

அந்தப் பழத்துக்காகக் குட்டைவால் உயிரைக் கொடுத்து நடித்தது. "முருகா!" என்று அலறக்கூடப் பழகிக்கொண்டது.

ஒருநாள் நிஜ பக்தர் வந்தார். தாட்டான் பாய்ந்ததுமே பையைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். பை குட்டைவாலின் காலடியில் விழுந்தது. உள்ளேயிருந்து பழ வாசனை வந்தது. அது பையை ஆசையாக மார்போடு அணைத்து எழுந்து நின்றது.

உடனே தாட்டான் திரும்பி அதனிடம் பல்லைக் காட்டியது. கொக்கி பின்னாலிருந்து பாய்ந்தது. குட்டைவால் பிடியை இறுக்கி, "முருகா!" என்று அலறியது. மூன்றும் கட்டிப் புரண்டதில் பை நழுவியது. பக்தர் அதை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார்.

"ஒரு பிசகு இல்லடா!" என்றது தாட்டான், மூச்சு வாங்க.

"அப்ப என் பழம்?"

தாட்டான் சருகுப் பையை அதன் கையில் திணித்தது.

"கீழ்ப்படியிலிருந்து வா."