மோஸ்காவையும் கொல்லாதவர்

மோஸ்கா என்றால் ஈ என்று சொல்லி, ஸ்பானிஷ் ஆசிரியை பலகையில் சிரிக்கும் ஈ ஒன்றை வரைந்தாள். பரம சாதுவை 'மோஸ்காவையும் கொல்லாதவர்' என்பார்களாம். ஆளுக்கொரு வாக்கியம் கேட்டாள்.

"செத்துப்போன உங்கட மனுசனைச் சொல்லுங்கோவன் அக்கா," என்றாள் பக்கத்திலிருந்த ஊர்க்காரி தர்சினி. "எறும்புக்கே வழிவிட்ட ஆளெல்லோ."

பவளராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓமடி, அந்தாள் ஒண்டையும் கொல்லேல்ல. ஷெல்லடிக்குள்ள புதைக்க வழியில்லாமல் ரெண்டு நாள் பங்கருக்குள்ள வச்சிருந்தன். முகத்தில மொய்ச்சதுகளை நான்தான் கையால நசுக்கிச் சாகடிச்சனான்."

தமிழ் விளங்காத ஆசிரியை கைதட்டி, அதையே ஸ்பானிஷில் எழுதச் சொல்லி வெண்கட்டியை நீட்டினாள். பவளராணி எழுந்து போனாள். வெண்கட்டியை வாங்காமல், ஈயின் சிரிப்பை மட்டும் உள்ளங்கையால் அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.