ஒன்பதும் பதினாலும்

டம்ளரை மறந்துவிட்டு டீக்குப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். நிறுத்தி வைத்திருந்த அவளுடைய எட்டாம் நம்பர் லேத்துக்குள் உம்மணாமூஞ்சி கையை விட்டுக்கொண்டிருந்தான்.

ஏழாம் நம்பர்க்காரனுக்கு அவள் வைத்த பெயர் அது. ஆறு மாதமாக முதுகோடு முதுகாக நின்று வேலை செய்கிறார்கள். ஒரு நாள் சிரித்தவனில்லை.

தூணுக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தாள். அவள் லேத்தில் இரும்பைச் சீவும் டிப்பைக் கழற்றினான். தன் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அங்கே மாட்டி முடுக்கினான். கழற்றினதை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி தன் மிஷினுக்குப் போய்விட்டான்.



'ஓகோ! என் ஒன்பது சிவப்பும் இப்படி வந்ததுதானா?'

எல்லாம் புது மீட்டர் செய்கிற கூத்து. மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். டிப் கூராக இருந்தால் மோட்டார் அலுங்காமல் ஓடும். மழுங்கிவிட்டால் மூச்சுப் பிடித்து இழுக்கும். வரம்பைத் தாண்டி இழுத்தால் மிஷின் நின்றுவிடும். ஆள் பேரில் ஒரு சிவப்புக் குறி விழும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே டிப்தான்.

ஒப்பந்தத்தில் இருப்பது அவளும் அவனும், இரண்டே பேர். நிரந்தர வேலை ஒன்று. சிவப்பு குறைந்தவருக்குத்தான் அது. முடிவு இன்று நாலு மணிக்கு.

வீட்டில் கணவர் கட்டுப் போட்ட காலோடு படுத்திருக்கிறார். காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்து, "சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாயிற்று.

ஒரு தாளில் எழுதினாள்: 'ஏழாம் நம்பர்க்காரர் என் மிஷினில் டிப்பை மாற்றுகிறார். என் கண்ணால் பார்த்தேன்.' கையெழுத்தைப் போட்டு நேரே இன்ஜினியர் அறைக்குப் போனாள்.

"மழுங்கினதை என் தலையில கட்டிட்டு, என்னோட நல்லதைத் தூக்கிட்டுப் போறான் சார். என் பொழப்புல மண்ணைப் போடறான்!"

"இருங்கம்மா, பதறாதீங்க. எப்ப பார்த்தீங்க?"

"இப்பதான் சார், பத்து மணி டீயில. எத்தனை நாளா நடக்குதோ!"

"அதை மோட்டாரே சொல்லிடும்." கம்ப்யூட்டரைத் திறந்தார். "நேத்து உங்க மிஷினைப் பாருங்க. காலையிலிருந்து கரண்ட் கோடு ஏறிக்கிட்டே போகுது. டிப் தேயுதில்ல? டீ முடிஞ்சதும்..."

நிறுத்திவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார்?"

"டீ முடிஞ்சதும் தொபுக்குன்னு இறங்கியிருக்கே!"

"இறங்குதா? ஏறணுமே சார்!"

முந்தின நாளைப் பார்த்தார். அதற்கு முந்தின நாளையும் பார்த்தார். அதே நேரத்தில் அதே இறக்கம். ஏழாம் நம்பரின் கோட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். இது இறங்கும்போதெல்லாம் அது ஏறியது.

"உங்க மழுங்கினதைக் கொண்டுபோயி அவர் ஓட்டறாரும்மா. அவரோட கூரானதைக் கழட்டி உங்களுக்கு மாட்டிட்டுப் போறாரு."

"எதுக்கு சார்?"

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "உங்க மிஷின் பழசு. ஆட்டத்துல டிப்பைச் சீக்கிரமே தின்னுடும். சும்மா சுத்தறதுக்கே ஜாஸ்தி இழுக்கும். வரம்பு மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். போன மாசம் அவரே வந்து, 'இது நியாயமில்ல சார், எட்டாம் நம்பருக்கு வரம்பை உயர்த்துங்க'ன்னாரு. 'உன் வேலையைப் பாருய்யா'ன்னு நான்தான் விரட்டிட்டேன்."

"அவருக்கு எத்தனை சிவப்பு சார்?"

"பதினாலு. பதினாலும் டீக்கு அப்புறம் விழுந்ததுதான்."

ஒன்பதுக்கு வேலை. பதினாலு வீட்டுக்கு. அவள் பையில் போன் அதிர்ந்தது, நாலாவது தடவையாக. அவள் எடுக்கவில்லை.

இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்கம்மா. நமக்குள்ளயே இருக்கட்டும். எப்படியும் வேலை உங்களுக்குத்தானே?"

அவள் கிழிக்கவில்லை. அவரிடமே பேனாவை வாங்கி, தன் கையெழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதி நீட்டினாள்:

'அவர் பேரில் உள்ள பதினாலையும் என் பேரில் சேர்க்கவும்.'