குதிகால்

வீட்டுக்கு யார் வந்தாலும் தர்மலிங்கம் முதலில் காட்டுவது மாடிக் குளியலறையில் இருந்த பாத்டப்பைத்தான். ஆனால் வீட்டில் ஒருவரையும் அதில் இறங்க விட்டதில்லை. "தண்ணி பட்டா கறை புடிச்சிரும்" என்பார். அவர் மனைவி செண்பகவல்லி இத்தனை வருடமாக அதைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, அதற்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் பக்கெட்டை வைத்து, முழங்கை இடிக்க இடிக்கக் குளித்தாள். இப்போது தர்மலிங்கத்துக்கு மூட்டுவலி. தொட்டியை எடுத்துவிட்டு ஷவர் வைக்க ஆள் வரவழைத்திருந்தார்.

கொத்தனார் தொட்டியின் பக்கச் சுவரைப் பெயர்த்து, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "என்ன சார், தண்ணி போக அடியில பைப்பே இல்லையே?"

"அதுக்குத் தரைய மறுபடி ஒடைக்கணும்னாங்க. யாரு குளிக்கப் போறா, அழகுக்குத்தானேன்னு விட்டுட்டேன்" என்று தர்மலிங்கம் சிரித்தார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லி இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைத் தாழிட்டாள். கட்டிய புடவையோடு தொட்டிக்குள் உட்கார்ந்து, அடியில் தண்ணீர் போகும் ஓட்டையைக் குதிகாலால் அழுத்தி அடைத்துக்கொண்டு, குழாயைத் திறந்தாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு? கதவத் தொற!"

"குளிச்சிட்டிருக்கேன்."

தண்ணீர் இடுப்பைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது. தரையில் தண்ணீர் போகும் சல்லடையை, கொத்தனார் பெயர்த்துப் போட்ட காரை அடைத்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கம்பளம் விரித்த அவர் அறை. கால் மரத்துப்போகும்வரை சுகமாகச் சாய்ந்திருந்தாள். பிறகு குதிகாலை எடுத்தாள்.