யூமே இல்லாத அணி

யூமேயைக் காணோம்.

அவள் கைபேசி விளையாட்டின் திரையை மேலே தள்ளிப் பார்த்தாள். கீழே இழுத்துப் பார்த்தாள். அணியில் கொதாரோ மட்டும் வாளோடு நின்றான். அவன் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

ஜன்னல் வெயில் கைபேசியில் அடித்தது. கண் கூசித்தான் தெரியவில்லையோ என்று துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

இல்லை.

நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பேருந்து. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். அவளுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

தேடியதில் ஒரு வரி கிடைத்தது. யூமே, கொதாரோவுக்குள் கரைக்கப்பட்டாள்.

ஜப்பான்காரர்களின் அந்த விளையாட்டில் இப்படி ஒரு கொடுமை உண்டு. ஓர் ஆளை இன்னோர் ஆளுக்குள் கரைத்துவிடலாம். கரைந்தவரின் வித்தை மற்றவருக்கு வந்து சேரும். கரைந்தவர் திரும்ப வரமாட்டார்.

கை தவறி நடந்தது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. கரைக்கும் ஆளின் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தால்தான் அது சம்மதிக்கும்.

செண்பகவல்லி உட்கார்ந்து, நிதானமாக, யூமேயின் பெயரை அடித்திருக்கிறாள்.

படுபாவி.

இருவருக்கும் விடுதியில் ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில். செண்பகவல்லிக்குப் பகல் ஷிப்ட், அவளுக்கு இரவு. விளையாட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஆட்களைத் தரும் குலுக்கலில் முதல் தடவையே யூமே விழுந்த கணக்கு அது. அந்த அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டு இன்னொன்று தொடங்க இருவருக்குமே மனம் வரவில்லை.

ஒருத்தி ஆடும்போது மற்றவள் தன் கைபேசியில் நுழைந்தால், ஆடுகிறவளை வெளியே தள்ளிவிடும். அதனால் கணக்குக்கும் ஷிப்ட் போட்டிருந்தார்கள்.

வாதம் மட்டும் விடுதி வாசலில். பேருந்திலிருந்து ஒருத்தி இறங்குவாள், மற்றவள் ஏறுவாள். அந்த இடைவெளி போதும், செண்பகவல்லி ஆரம்பித்துவிடுவாள்.

“அதுல வாள் சண்டை ஒண்ணுதான் உருப்படி. நீ என்னடான்னா யூமேய வச்சு மருந்து போட்டுக்கிட்டே இருக்க. அப்புறம் எப்ப ஜெயிக்கிறது?”

“உசுரோட இருந்தாதானேடி ஜெயிக்கிறது? யூமேதான்டி அந்த கேமே.”

“ஏட்டி, யூமே இல்லன்னா அந்தப் பய ரெண்டு நிமிசம் நிக்க மாட்டான்னா, அதெல்லாம் ஒரு டீமா?”

டிரைவர் ஹாரனை அமுக்கும்வரை ஓடும். ஒருநாளும் தீர்ந்ததில்லை.

நேற்றுச் சாயங்காலம் தீர்ந்தது. பேருந்தை விட்டு இறங்கிய செண்பகவல்லி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரிட்டி, நீ சொல்றதுதான் சரி,” என்றாள்.

ஜெயித்துவிட்ட தெம்பில் அவள் ராத்திரி முழுவதும் கன்வேயர் முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மடச்சி.

பேருந்து நின்றது. கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தாள்.

வாசல் வரிசையில் செண்பகவல்லி இல்லை.

படியேறி ஓடினாள்.

அடுத்த கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. கொடியில் துணி இல்லை. சிவப்பு வாளி மட்டும் இருந்தது.

வார்டன் அக்கா வாசலில் வந்து நின்றார்.

“நேத்து நீ கிளம்பினதுமே அவங்கப்பா கார்ல வந்து கூட்டிட்டுப் போயிட்டாரும்மா. மாப்பிள்ளை முடிவாயிடுச்சாம். இனிமே வேலைக்கு வராதாம். அந்தப் பொண்ணுக்கு ஒரு வாரமாவே தெரியும். உங்கிட்ட சொல்லலியா?”

அவள் மெத்தை விரிக்காத கட்டிலில் உட்கார்ந்தாள். இரும்புப் பட்டை குத்தியது. எழ முடியவில்லை.

ஒரு வாரமாக வாள், மருந்து என்று சண்டை போட்டிருக்கிறாள் செண்பகவல்லி. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி.

வார்டன் அக்கா போய்விட்டார். எதையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. விளையாட்டைத் திறந்து, கொதாரோவைத் தனியாகப் பெரிய சண்டை ஒன்றில் இறக்கினாள். சாகட்டும்.

அவன் வெட்டினான். வெட்டு வாங்கினான். உயிர்க்கோடு சுருங்கிச் சிவந்தது.

அப்போது யூமேயின் குரல் கேட்டது.

மருந்து போடும்போதெல்லாம் அவள் சொல்லும் அதே ஜப்பானிய வார்த்தை. அர்த்தம் இருவருக்கும் தெரியாது. இருவரும் அதை அப்படியே சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

பக்கத்தில் யாருமில்லை. கொதாரோவின் கோடு தானாகப் பச்சையானது. நிமிர்ந்து வாளை ஓங்கினான்.

அவள் வாய்விட்டு அழுதாள்.

திரை கறுத்தது.

வேறொரு கைபேசியில் இந்தக் கணக்கு திறக்கப்பட்டுள்ளது. நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.

அழுகை பாதியில் நின்றுவிட்டது.

எத்தனை முறை இந்த வரியைப் பார்த்துச் செண்பகவல்லியைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். இப்போது ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்.

உடனே கூப்பிடத்தான் விரல் போனது. அங்கே மணி அடித்தால் யார் எடுப்பார்களோ. விரலை இழுத்துக்கொண்டாள்.

மீண்டும் நுழையவா என்று திரை கேட்டது.

இது தன்னுடைய நேரம்தான். ஆனால் அவள் நுழைந்தால், அங்கே செண்பகவல்லியை வெளியே தள்ளிவிடும்.

கைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள். அணைந்துபோகாமல் அவ்வப்போது தொட்டுவிட்டபடி, அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.