மூன்று முறை ராஜினாமா

ஐந்து மணி நேரம் இருபது நிமிடமாக அவளுடைய ராஜினாமாக் கடிதம் பதினான்கு பேருடைய கணினியில் இருந்தது. அவள் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள், கட்டளைகள் ஒன்றும் பிடிபடாத எரிச்சலில் எழுதியது. நிரல்கள் இருந்த ஃபோல்டரிலேயே போட்டு மறந்துவிட்டாள். இன்று காலை அவளுடைய நிரல் முதன்முதலாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் ‘எல்லாவற்றையும் சேர்’ என்று கட்டளை கொடுத்துக் குழுவின் பொதுச் சேமிப்புக்கு அனுப்பினாள். அது எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது.

பிற்பகல்தான் அதைக் கவனித்தாள். பதறிப்போய் அழித்தாள். ‘ராஜினாமாக் கடிதம் நீக்கப்பட்டது’ என்று பதினான்கு பேருக்கும் மெயில் போனது. அந்தத் தடயத்தையும் துடைக்க ‘ரிவர்ட்’ அடித்தாள். கடைசியாகச் செய்ததைத் தலைகீழாக்குவது அதன் வேலை. கடைசியாகச் செய்தது, அழித்தது. கடிதம் திரும்பி வந்தது.

மறுபடி அழித்தாள். மறுபடி ரிவர்ட்.

“ஏம்மா, ஒரே வேலைய எத்தன தடவ ராஜினாமா பண்ணுவ?” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

“சும்மா இருங்கண்ணா. மேனேஜர் சார் பாத்திருப்பாரா?”

“பாக்கறதாவது! வந்த அஞ்சாவது நிமிஷம் பிரிண்டே எடுத்துட்டாரு.”

அதே நேரம் மேனேஜர் கூப்பிட்டார்.

அவர் மேசைமேல் காலி அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. தன் சாமான்களுக்குத்தான் என்று நினைத்தாள். அவளிடம் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டில். பெட்டி ரொம்பப் பெரிது.

“கதவ சாத்து. அந்த லெட்டர் போயிடுச்சா?”

“அழிக்க அழிக்க வருது சார். நான் போகணும்னு எழுதல சார், சத்தியமா. எனக்கு இந்த வேலை வேணும்.”

“டைரக்டர் நாலு மணிக்கு எல்லா ஃபைலையும் திறந்து பாப்பாரு. அதுக்குள்ள அது அங்க இருக்கக்கூடாது. அழிச்சிட்டு எழுந்து வெளிய போயிடு. ரிவர்ட் பக்கமே போகாத.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எனக்காக இவ்வளவு பண்றீங்களே சார்...”

“உனக்காக யாரு பண்றா?” மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “மதியம் அந்த லெட்டரையேதான் என் பேர் போட்டு டைரக்டர்கிட்ட குடுத்திருக்கேன்.”