கேட்க நாதியில்லை

“நம்ம ஏரியா ஃபேஸ்புக் குரூப்ல ஒருத்தர் பொய்ப் பேர்ல, புதுசா குடிவந்தவங்களைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே இருந்தாரும்மா,” என்றாள் கல்லூரி மாணவியான மகள். “எங்க கிளாஸே அந்த குரூப்ல சேர்ந்துச்சு; ஆனா யாரும் பதிலுக்குத் திட்டலை. தினமும் ‘சாப்பிட்டீங்களா?’ன்னு மட்டும் கேட்டோம்.”

“அவனையெல்லாம் பிடிச்சு உள்ளே போடணும்,” என்றார் அப்பா, பேப்பரை இறக்காமல்.

“வேண்டாம்ப்பா, நேத்து இளகிட்டார். ‘இன்னும் இல்லை. என் வீட்டில் அதைக் கேட்க நாதியில்லை’ன்னு எழுதி, பழைய வசவையெல்லாம் அழிச்சிட்டார்.”

சீரியலில் கண் வைத்தபடியே அம்மா உச்சுக்கொட்டினாள். “பாவம், பொண்டாட்டி இல்லாத மனுஷன் போலிருக்கு.”

“ஏன் இல்லாம? சீரியல் முடிஞ்சாத்தானே சோறு போடறே!” என்று வெடித்த அப்பா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா டிவியை அணைத்தாள்.

மகள்தான் மெல்லக் கேட்டாள்: “சாப்பிட்டீங்களாப்பா?”