பக்கத்து வீட்டுச் சாட்சி

“வோட்கா பாட்டில் மேடம். வாரத்துக்கு மூணு, சில வாரம் நாலு” என்றார் கார்ல்டன். சமையலறை ஜன்னல் வழியாக, பக்கத்து வீட்டு வாசலில் நின்ற நீலக் குப்பைத் தொட்டியைக் காட்டினார்.

ரோண்டா குறித்துக்கொண்டாள். வர்ஜீனியாவின் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது அரசாங்க ரகசியங்களைக் காக்கும் வேலையில் இருந்தார். அவர்களுக்குப் பாதுகாப்பு அனுமதி கொடுக்கலாமா, புதுப்பிக்கலாமா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அங்கே தும்மினால்கூட யாராவது கவனித்து வைத்திருப்பார்கள்.

இந்த விசாரணை பக்கத்து வீட்டு வேட் ஹாலிஸைப் பற்றி. நான்கு வருடங்களுக்கு முன் குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானவன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அந்த வாக்கியம் நிலைத்தால்தான் அவன் வேலையும் நிலைக்கும்.

“நீங்களே பார்த்தீங்களா சார்?”

“பின்ன? அடியில, நியூஸ்பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கும். மேல பால் டப்பா போட்டு மூடியிருக்கும்.” கார்ல்டன் பெருமூச்சு விட்டார். “நல்ல பையன் மேடம். சொல்றதுக்கே மனசு கஷ்டமா இருக்கு. ஆனா நாட்டு விஷயமாச்சே.”

அங்கிருந்து நேராக வேட் வீட்டுக்குப் போனாள். தொட்டியைப் பற்றிக் கேட்டதும் அவன் சிரித்துக்கொண்டே வந்து தானே மூடியைத் திறந்தான். பால் டப்பாக்களை ஒதுக்கினான். அடியில் செய்தித்தாளில் சுற்றிய பாட்டில்கள். அவ்வளவுதான், முகம் வெளுத்துப் போயிற்று.

“என்னோடது இல்ல மேடம். நாலு வருஷமா வியாழக்கிழமை தவறாம, குடியை விட்டவங்க கூட்டத்துக்குப் போறேன். இது எப்படி வந்துச்சுன்னே தெரியல.”

“குடிச்சேன்னு ஒத்துக்கிட்டா இரக்கம் காட்டினாலும் காட்டுவாங்க, வேட். பொய் சொன்னா நிச்சயமா காட்ட மாட்டாங்க.”

“குடிக்காததைக் குடிச்சேன்னு எப்படி மேடம் சொல்றது?”

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று இந்த வேலையில் எத்தனையோ முறை பார்த்தவள் அவள். இருந்தாலும் பாவமாகத்தான் இருந்தது. பார்த்ததையும் கேட்டதையும் உள்ளபடி எழுதி அனுப்பினாள்.

குடித்தது ஒரு குற்றம், மறைத்தது அதைவிடப் பெரிய குற்றம் என்று தீர்ப்பாயிற்று. அனுமதி போயிற்று, வேலை போயிற்று, வீடும் கைமாறியது. அடுத்த கோடையில் வேட் குடிபோதையில் மறுபடி கைதானான் என்று கேள்விப்பட்டபோது, ரோண்டாவுக்கு வருத்தத்தோடு சற்று நிம்மதியும் இருந்தது. தான் எழுதியது தப்பாகிவிடவில்லையே.

மறுவருடம் அதே தெருவுக்கு வந்தாள். இந்த முறை கார்ல்டனின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேட் இருந்த வீட்டில் இப்போது ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்காரி ஸர்மினா ஏலக்காய் டீயும் பாதாமும் கொண்டுவந்து வைத்து உபசரித்தாள்.

“தங்கமான மனுஷர் மேடம். பனி கொட்டினா எங்க வாசலையும் சேர்த்து அள்ளிப் போடுவார். குப்பை வண்டி வர்ற அன்னிக்கு எங்க தொட்டியையும் அவரே ரோட்டோரம் இழுத்து வெச்சிடுவார். நாங்க கேக்கவே வேண்டாம்.”

ரோண்டா சிரித்தபடி எழுதிக்கொண்டாள். “வேற ஏதாவது சொல்லணுமா? இந்தத் தெருவைப் பத்தி எதுவா இருந்தாலும் பரவாயில்ல.” எல்லாரிடமும் கேட்கும் கடைசிக் கேள்வி அது.

ஸர்மினா தயங்கினாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வீட்ல யாரும் குடிக்கிறதில்ல மேடம். ஆனா எங்க தொட்டியில வாராவாரம் வோட்கா பாட்டில் கிடக்குது.”